சின்னவள் ஒருதரம் மட்டும் பார்த்த எண்

இல்லவே இல்லை. அந்தப் பேச்சை இத்தோடு விடுங்கள். அக்காள் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள், புருஷனும் கொழுந்தியாளும் பகல் முழுக்க ஒரே வீட்டில் இருக்கிறார்கள், அப்புறம் சொல்லவா வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறீர்களே, அந்தப் பகலில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? கொழுந்தியாள், அதான் சின்னவள், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தாள். அவர் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்த்தார். நடந்தது அவ்வளவுதான்.

இரண்டு பேரும் சேர்ந்து ஆபீஸ் கம்பியைத் திருடி விற்றார்கள் என்று இன்னொரு கதை. இப்போது அங்கே ஓடுவது கம்பியே இல்லை, முடி மாதிரி கண்ணாடி இழை. பழைய சாமான்காரன் அதைச் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டான். கதை கட்டுகிறவர்கள் விசாரித்துவிட்டாவது கட்ட வேண்டாமா?

சின்னவள் தப்பே செய்யாதவள் என்று சொல்ல வரவில்லை. செய்தாள், பெரிய தப்பு. ஆனால் செய்யாததைச் சொல்லி அடிக்காதீர்கள், செய்ததைச் சொல்லி அடியுங்கள். அதற்குத்தான் இத்தனையும் சொல்கிறது.

குடிநீர் ஆபீஸில் அவளுக்கு வேலை. மாடியில் ஒரு சின்ன அறை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே ஏசி பல்லைக் கிட்டிக்க வைக்கும். அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பீரோ உயரத்துக்கு ஒரு இரும்புச் சட்டம், அதில் அடுக்கடுக்காகத் தட்டைப் பெட்டிகள், முகப்பெல்லாம் பச்சைப் பொட்டு விளக்கு, எந்நேரமும் காற்றாடி இரைச்சல். அந்தப் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். சுவரில் தட்டுகிற ஸ்விட்ச் இல்லை. அது தெரியாமல் பெரியவள், அதுதான் அக்காள், தன் தங்கை லைட் ரிப்பேர் வேலை பார்ப்பதாகவே ரொம்ப நாள் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்படி என்னதான்டி பண்ற அங்க?" என்று ஒருநாள் காய் நறுக்கும்போது கேட்டாள்.

"மேட்டுத் தொட்டி, சந்தைத் தொட்டி, ஆத்தங்கரைத் தொட்டி இருக்குல்லக்கா. ஒவ்வொண்ணுலயும் ஒரு குட்டிப் பெட்டி. தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு விடாம எழுதி அனுப்பிக்கிட்டே இருக்கும். எல்லாரோட லைன் வழியாத்தான் அதுவும் வரணும். அதனால சீட்டை ஒரு கவர்ல போட்டு, அந்தக் கவரை இன்னொரு கவர்ல போட்டு, மேல எங்க ஆபீஸ் நம்பரை எழுதி அனுப்பும். என் ஸ்விட்ச் மேல் கவரைப் பிரிச்சு எறிஞ்சுட்டு உள் கவரை கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிடும். நடுவுல யார் கண்ணுலயும் படாம சுரங்கத்துல வர்ற மாதிரி. டனல்னு பேரு."

"பதிலுக்கு நீ என்ன அனுப்புவ?"

"ஒண்ணும் அனுப்பக் கூடாது. இது வாங்கிக்க மட்டும்தான். காது உண்டு, வாய் கிடையாது."

"பதிலே பேசாம கேட்டுக்கிட்டே இருக்குமா? உங்க அத்தானுக்கு ஒண்ணு வாங்கிட்டு வா."

கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது. "எனக்கு எதுக்கு? தாலி கட்டின நாள்லேர்ந்து நான் அப்படித்தானே இருக்கேன்."

வாய் இல்லாமல் வைத்ததற்குக் காரணம் உண்டு. முன்பு ஒருமுறை ஆபீஸிலிருந்து யாரோ தப்பாக எதையோ தட்டி, ஒரு தொட்டியின் வால்வு தானாகத் திறந்துகொண்டதாம். அன்றிலிருந்து தொட்டியிலிருந்து ஆபீஸுக்கு வரலாம், ஆபீஸிலிருந்து தொட்டிக்கு ஒரு சொல் போகக் கூடாது என்று உத்தரவு. நல்ல உத்தரவுதான். ஆனால் ஒரு தொந்தரவு இருக்கிறது. ஸ்விட்சைக் கேட்டால் 'டனல் நன்றாக இருக்கிறது' என்று சொல்லும். தன் காது திறந்திருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்தப் பக்கம் யாராவது பேசுகிறார்களா என்பது அதற்குத் தெரியாது. எத்தனை கவர் பிரித்தது என்று ஒரு கணக்கு எண் மட்டும் காட்டும். அந்த எண்ணைப் பார்த்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி பார்க்க வேண்டும். ஏறியிருந்தால் வருகிறது, ஏறாமல் நின்றால் வரவில்லை. இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் இது பால பாடம். எல்லோரும் ஒருநாளாவது மறப்பார்கள்.

அத்தானும் அதே ஆபீஸ்தான், லைன்மேன். கம்பத்தில் ஏறுவார், குழி தோண்டி இழை ஒட்டுவார். ஐம்பத்திரண்டு வயது. அம்மா போனதும் சின்னவளைக் கூட்டிக்கொண்டு வந்து பின்னறையை ஒழித்துக் கொடுத்தவர் அவர். அவள் படிப்புக்கு விண்ணப்பம் வாங்க அரைநாள் வரிசையில் நின்றவரும் அவர். ஒரு குறை, வாய் சும்மா இருக்காது. யாரையும் கிண்டல் செய்யாமல் ஒரு டம்ளர் டீ உள்ளே போகாது.

அப்படித்தான் ஒருநாள் ஆபீஸ் டீ நேரத்தில், மேலாளரும் நிற்க, ஆரம்பித்தார். "எங்க வீட்டு இன்ஜினியரம்மா ஊருக்கே லைன் குடுப்பாங்க சார். வீட்ல நெட் போச்சுன்னா மட்டும், பெட்டியை அணைச்சுப் போடுங்க அத்தான்னு என்னைத்தான் கூப்பிடுவாங்க."

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. மறுநாளே அவளுக்கு 'அணைச்சுப்போடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 'அணைச்சுப்போடு வந்தாச்சா?' 'அணைச்சுப்போடு மேடத்தைக் கேளுங்க.' அவள் ஒருத்திதான் அந்த ஆபீஸில் அந்த வேலைக்கு. எத்தனை வருஷம் பல்லைக் கடித்து வாங்கிய மரியாதை! ஒரு டம்ளர் டீயில் கரைந்துபோனது மாதிரி இருந்தது அவளுக்கு. அத்தானோடு பேச்சை நிறுத்தினாள். வீட்டில் அவர் உப்பு கேட்டால் பாத்திரத்தை அக்காள் பக்கம் தள்ளுவாள்.

மூன்றாம் நாள் அவர் மேட்டுத் தொட்டிக்குப் பழைய லைனை எடுத்துவிட்டுப் புது லைன் போட்டார். லைன் மாறினால் அங்கிருந்து வரும் கவரில் அனுப்புகிறவர் நம்பரும் மாறும். எப்போதும் அதை நேரில் சொல்வார். இவள்தான் முகம் கொடுப்பதில்லையே. ஒரு தாளில் எழுதி, நான்காக மடித்து, மேலே 'கோபம் தீர்ந்ததும் பிரிக்கவும்' என்று எழுதி, அவள் மேசையில் ஸ்டேப்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

சின்னவள் பார்த்தாள். அந்த உருண்டை உருண்டைக் கையெழுத்தைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. இன்னொரு கிண்டல், இல்லாவிட்டால் ஒரு சமாதானம், இரண்டும் இப்போது வேண்டாம் என்று பிரிக்காமலே இழுப்பறையில் தள்ளினாள்.

அன்று மதியம்தான் அந்த வேலை வந்தது. அதுவரை மூன்று டனலும் யார் அனுப்பினாலும் பிரிக்கும்படி வைத்திருந்தது. அது ஆபத்து, யாராவது பொய்ச் சீட்டை உள்ளே அனுப்பலாம், இன்னாரிடமிருந்து வந்தால் மட்டும் பிரி என்று ஒவ்வொன்றிலும் எழுது என மேலிடத்துத் தாள் வந்தது. சின்னவள் தன் நோட்டை எடுத்து மூன்று நம்பரையும் ஸ்விட்சில் ஏற்றினாள். மேட்டுத் தொட்டிக்கு நோட்டில் இருந்தது பழைய நம்பர். நோட்டு என்ன செய்யும்? முந்தின மாதம் அத்தானிடம் கேட்டு எழுதியதுதான் அது. கீழே போய் ஒரு வார்த்தை 'எல்லாம் அதே நம்பர்தானே' என்று கேட்டிருந்தால் முடிந்தது. கேட்பாளா? ரோஷம் விடுமா?

ஏற்றி முடித்ததும் கணக்கைப் பார்த்தாள். ஒரு டனலில் ஏதோ ஒரு எண், இன்னொன்றில் ஒன்று, மேட்டுத் தொட்டியினுடையதில் 4112. மூன்றிலும் எண் இருக்கிறது, டனல் நன்றாக இருக்கிறது என்கிறது, போதும் என்று டீ குடிக்கப் போனாள். அந்த 4112, அவள் நம்பரை ஏற்றுவதற்கு முன்னாலேயே சேர்ந்திருந்த எண். அதற்கப்புறம் ஒன்றுகூட ஏறவில்லை. இன்னொருதரம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை பம்ப் வீட்டுக்காரர் வழக்கம்போல ஆபீஸுக்கு போன் போட்டார். மேட்டுத் தொட்டி எவ்வளவு? திரையைப் பார்த்துச் சொல்கிற குமாஸ்தா 'பாதி' என்றார். அரை மணி கழித்து, இப்போது? பாதி. இன்னும் அரை மணி. பாதி. கடைசியாக வந்த சீட்டில் பாதி என்றிருந்ததால் திரை அதையே காட்டிக்கொண்டிருந்தது. "அப்ப ஓடட்டும்" என்று குமாஸ்தா சொல்ல, பம்ப் வீட்டுக்காரர் மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருந்தார். பதினொரு மணிக்குத் தொட்டி நிரம்பி வழிந்து, சரிவில் இறங்கி, தெருக்கோடியில் இருக்கிற தையற்காரம்மா கடையின் பின்சுவரைத் தள்ளிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குத் தைத்து அடுக்கியிருந்த சட்டையெல்லாம் சேற்றில். அதைத் தூக்கப் போன தையற்காரம்மா வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. அவருக்குக் கோபம் வராதா? வரத்தான் செய்யும். அவர் பேசுவதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.

செய்தி வந்ததும் சின்னவள் மாடிக்கு ஓடினாள். டனல் நன்றாக இருக்கிறது என்றது ஸ்விட்ச். கணக்கு 4112. எண் ஏறுகிறதா என்று பார்த்து நின்றாள். ஸ்வெட்டருக்குள் முதுகு நனைந்தது. 4112. இழுப்பறையைத் திறந்து மடித்த தாளைப் பிரித்தாள். 'மேட்டுத் தொட்டி, புது நம்பர்' என்று எழுதி, கீழே நம்பர், அதற்கும் கீழே 'இனி ஆபீஸில் வாயைத் திறக்க மாட்டேன், மன்னிச்சுக்கோ' என்று இருந்தது.

நம்பரை மாற்ற அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மாற்றியதுமே எண் குடுகுடுவென்று ஏற ஆரம்பித்தது. மாடிப்படியில் மேலாளரின் செருப்புச் சத்தம். அந்த ஒரு நொடியில் நேராகப் போய்த் தாளை அவர் கையில் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டாள். துண்டு துண்டாகக் கிழித்துத் தண்ணீரை இழுத்துவிட்டாள். முதல் தண்ணீரில் போகவில்லை. தொட்டி மறுபடி ரொம்புகிறவரை அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்று, இரண்டாம்தரம் இழுத்தாள்.

மேலாளர் அறையில் இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கேட்டார்கள்.

"என்கிட்ட பழைய நம்பர்தான் சார் இருந்தது" என்றாள்.

"எழுதி ஸ்டேப்ளருக்கு அடியில வச்சேனேம்மா" என்றார் அத்தான்.

"பார்த்த ஞாபகம் இல்ல."

இவ்வளவுதான் அவள் சொன்னது. வேலை போய்விடும் என்ற பயம் பாதி; 'அணைச்சுப்போடு' என்று சிரித்தவர்கள் இனி என்னவெல்லாம் சொல்வார்கள் என்ற பயம் பாதி. அத்தான் அவள் முகத்தைப் பார்த்தார். அவர் மட்டும் அப்போது "பொய் சொல்றா சார்" என்று கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நெற்றியைச் சுருக்கி, "அப்படியா?" என்றார். அப்புறம் தனக்குத்தானே, "வச்சேன்னுதானே நினைச்சேன்" என்றார். விசாரணை முடிகிறவரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவரை அனுப்பினார்கள்.

சின்னவள் காய்ச்சல் என்று விடுப்புப் போட்டுவிட்டு வந்து படுத்தவள்தான். காய்ச்சலுமில்லை ஒன்றுமில்லை. தெருவில் தலைகாட்டக் கூச்சம், அந்த ஏசி அறைக்குள் போகக் கூச்சம், தட்டில் விழுகிற சோற்றைப் பார்க்கக் கூச்சம். காலை பதினொரு மணிக்கு அவர் கதவைத் தட்டி டீ வைத்துவிட்டுப் போவார். "இன்ஜினியரம்மா, சூடா இருக்கு, ஆறவிடாத" என்பார். கிண்டல் இல்லாமல் சொல்வார். அதுதான் அவளைக் கொன்றது.

அதைவிடக் கொடுமை வேறொன்று. அவள் பொய் சொல்வாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததால், பழுது தன் தலையில்தான் என்று முடிவு கட்டிவிட்டார். வைத்ததாக நினைத்தோம், வைக்கவில்லை. அப்படியென்றால் வேறு எதையெல்லாம் செய்ததாக நினைத்துக்கொண்டு செய்யாமல் விடுகிறோம்? அடுப்பைப் பார்ப்பார். வந்து உட்கார்வார். மறுபடி போய்ப் பார்ப்பார். பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பார். "பிரஷர் மாத்திரை போட்டேனா?" என்று பெரியவளிடம் கேட்பார். அவள் "போட்டாச்சுங்க" என்பாள். ஒருநாள் அவள் வேலைக்குப் போன பிறகு சந்தேகம் வந்து இரண்டாவது மாத்திரையையும் போட்டுக்கொண்டார். தலை சுற்றிக் குளியலறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டுச் சின்னவள் ஓடிவந்து தூக்கினாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்: "இனிமே கம்பத்துல ஏறக் கூடாதும்மா நான். எதை எங்க வச்சோம்னு தெரியாதவன் மேல ஏறி, பெல்ட்டை மாட்டினதா நெனச்சுக்கிட்டான்னு வை..."

அன்றே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அவரைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு அறைக்குள் போய்த் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். சொல்லவில்லை. இதைத்தான் நீங்கள் பேச வேண்டும். எதை எதையோ பேசுகிறீர்கள்.

பத்தொன்பதாம் நாள் காலை. விசாரணைக்கு அன்று பத்தரைக்கு வரச்சொல்லியிருந்தார்கள், அவரை மட்டும். ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் வேலை போகாது, கிடங்கில் உட்கார வைப்போம் என்று மேலாளர் சொல்லி அனுப்பியிருந்தாராம். அவர் குளித்து, சலவைச் சட்டை போட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதி முடித்திருந்தார். பெரியவள் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்ஜினியரம்மா, இங்க வா" என்று கூப்பிட்டார். "நீதான் படிச்சவ. இதுல தப்பு எதுவும் இருக்கான்னு பாத்துச் சொல்லு. கையெழுத்துப் போட்டுடறேன்."

வாங்கிப் படித்தாள். அதே உருண்டைக் கையெழுத்து. 'புது நம்பரை எழுதிக் கொடுத்ததாக நான் நம்பினேன். ஆனால் கொடுக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. சில நாட்களாக எனக்கு ஞாபகம் சரியில்லை.'

"தப்பு இருக்கு அத்தான்."

"எங்க?"

"முழுக்க." தாளை மேசைமேல் வைத்தாள். "நீங்க வச்சீங்க. ஸ்டேப்ளருக்கு அடியிலதான் இருந்தது. நான் பார்த்தேன். கோபத்துல பிரிக்கல. அப்புறம் பிரிச்சேன்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. குழாய் மட்டும் ஓடியது.

அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. விடிந்த மாதிரி ஒரு வெளிச்சம். "வச்சேனா?" என்றார். "மடிச்சுத்தானே வச்சேன்? மேல எழுதிக்கூட இருந்தேனே!"

"கோபம் தீர்ந்ததும் பிரிக்கவும்னு."

"அதேதான்! அதேதான்! ஏய், இங்க வா, கேட்டியா? நான் வச்சிருக்கேன்! எனக்கு ஒண்ணும் ஆகல!" பெரியவளைப் பார்த்து அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க சின்னவளால் முடியவில்லை. அவர் அறைந்திருந்தால் நின்றிருப்பாள்.

பெரியவள் சோப்பு நுரை சொட்டச் சொட்ட வந்து நின்றாள். "மாத்திரை போட்டேனா, மாத்திரை போட்டேனான்னு இந்த மனுஷன் நாலு நாலு தடவை கேட்டாரே. அப்பல்லாம் நீ எங்கடி இருந்த?"

"இங்கதான்க்கா. பக்கத்துலதான்."

"அந்தச் சீட்டு எங்க?"

"கிழிச்சுட்டேன். ஆபீஸ் டாய்லெட்ல போட்டுட்டேன்."

அப்போதுதான் அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "கிழிச்சியா?" என்று மெதுவாகக் கேட்டார். "அதுல நான் மன்னிப்புக் கேட்டிருந்தேனே. அதைப் படிச்சிட்டா கிழிச்ச?"

அவள் தலையாட்டினாள். அவர் அப்புறம் அவளைப் பார்க்கவில்லை. எழுதிய தாளைத் தன் பக்கம் இழுத்து, மடிக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சின்னவள் அறைக்குள் போய் முகம் கழுவிக்கொண்டாள். தலையை வாரி, ஆபீஸ் அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். காட்டுவதற்குச் சீட்டு இல்லை. அவள் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. பத்தரைக்கு மேலாளர் அறையில் அவர் போய் நிற்க வேண்டிய இடத்தில் அவள் போய் நிற்பதென்று முடிவு. அதற்குப் பிறகு அந்த ஆபீஸில் அவளுக்கு இடம் இருக்குமா, இந்த வீட்டில் இருக்குமா என்பதெல்லாம் அவள் யோசித்த மாதிரி தெரியவில்லை.

"அவர் இன்னைக்கு வர வேண்டாம்க்கா" என்றாள். "நான் போறேன்."

போய்விட்டு வருகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். எந்த முகத்தோடு அதைச் சொல்வது என்று விட்டுவிட்டாள். பெரியவளும் வாசல்வரை வரவில்லை.

பத்தொன்பது நாளில் அன்றைக்குத்தான் அவள் படி இறங்கினாள். வெயில் கண்ணைக் குத்தியது. தெருவில் நீங்கள் எல்லோரும்தான் இருந்தீர்கள், இல்லையென்று சொல்லாதீர்கள். கடை வாசலில் மாவுக்கட்டுக் காலை முக்காலி மேல் நீட்டிக்கொண்டு தையற்காரம்மா உட்கார்ந்திருந்தார்.

"அடேயப்பா, கதவு திறந்துடுச்சே!" என்றார் தெருவுக்கே கேட்கும்படி. "என்னம்மா, காய்ச்சல் போச்சா?"

சின்னவள் நின்றாள். ஓரமாகத் தாண்டிப் போயிருக்கலாம். கடைக்கு எதிரே போய், அந்தக் காலைப் பார்த்துவிட்டு, அவர் கண்ணைப் பார்த்தாள்.

"காய்ச்சல் வரவே இல்லக்கா" என்றாள். "உங்க சுவர் விழுந்தது என்னாலதான். எங்க அத்தானால இல்ல. அதைச் சொல்லத்தான் ஆபீஸுக்குப் போயிட்டிருக்கேன்."

சின்னவள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆபீஸ் பக்கம் நடந்தாள்.